டிஸ்டோபியா நாவலில் சாதாரண ஆள் அரசை எதிர்ப்பது நம்பும்படி இருக்கிறதா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

கொடுங்கோல் அரசை சாதாரண ஜனங்கள் எதிர்ப்பதாக வருகிற டிஸ்டோபியா நாவல்கள், அதாவது பயங்கரமான ஒரு வருங்காலத்தைக் கற்பனை செய்கிற கதைகள், எனக்கு அலுத்துவிட்டன. ஒரு சின்னப் பெண் ஆயுதம் எடுப்பாள், மூன்றாம் பாகத்தில் தலைநகரம் விழும். இல்லையென்றால் கதாநாயகனை அடித்து நொறுக்கி, எதிர்க்கவே முடியாது என்று கதவைச் சாத்திவிடுவார்கள். ரேஷன் வரிசையில் நிற்கிற, வாடகை கட்டுகிற, மேலதிகாரிக்குப் பயப்படுகிற ஆள் எப்படி எதிர்ப்பான்? நம்பும்படி எழுதிய நாவல் ஒன்றாவது உண்டா?

மார்ச் 2, இரவு

உண்டு. ஹான்ஸ் ஃபாலடா எழுதிய ஜெர்மன் நாவல், 1947-ல் வந்தது. ஆங்கிலத்தில் ‘அலோன் இன் பெர்லின்’ என்று கிடைக்கிறது. அமெரிக்கப் பதிப்புக்கு ‘எவ்ரி மேன் டைஸ் அலோன்’ என்று பெயர். இரண்டும் ஒரே புத்தகம்தான், வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

கதை இவ்வளவுதான். 1940, பெர்லின். பிரான்ஸை ஜெயித்த குஷியில் ஊரே இருக்கிறது. அன்றைக்குத்தான் ஓட்டோ குவாங்கெல் வீட்டுக்கு, மகன் போரில் செத்துவிட்டான் என்று கடிதம் வருகிறது. குவாங்கெல் மரச்சாமான் தொழிற்சாலையில் ஃபோர்மேன். பேசாத ஆள், கஞ்சன், கட்சியில் சேரவில்லை, ஆனால் எதிர்ப்பும் கிடையாது. அவரும் மனைவி அன்னாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தபால் அட்டைகளில் ஹிட்லருக்கு எதிராக நாலு வரி எழுதி, ஆள் நடமாட்டமுள்ள கட்டடங்களின் மாடிப்படிகளில் வைத்துவிட்டு வருகிறார்கள். அவ்வளவுதான் எதிர்ப்பு. துப்பாக்கி கிடையாது, ரகசிய இயக்கம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேல் இதைச் செய்கிறார்கள். பிடிபடுகிறார்கள். சாகிறார்கள்.

முடிவைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். மூல ஜெர்மன் தலைப்பே, ஒவ்வொருவரும் தனியாகத்தான் சாகிறார்கள் என்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறது.

மார்ச் 3, காலை

“அது டிஸ்டோபியா இல்லை, சரித்திர நாவல்” என்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நூலக அலமாரியில் எங்கே அடுக்குவது என்பதுதான் கேள்வி என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் டிஸ்டோபியாவில் நாம் தேடுவது என்ன? அரசு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பெற்ற பிள்ளையிடம் பேசவே பயமாக இருக்க வேண்டும், சும்மா இருப்பதும் குற்றமாக வேண்டும். அன்றைய பெர்லினில் இது எதற்கும் குறைவில்லை. 1939 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றம். தலைவர்களைப் பற்றி நக்கலடித்தால் உள்ளே போட 1934-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதிக்கும் ஒரு கட்சி ஆள், யார் வீட்டில் கொடி தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பிடித்தது, பிடித்தது என்று சொல்லக்கூடாதுதான், ஒரே சட்டி ஞாயிறு. குளிர்காலத்தில் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வீட்டிலும் ஒரே சட்டியில் வெந்த மலிவான குழம்பைத்தான் சாப்பிட வேண்டும். மிச்சமாகிற காசை வாசலுக்கு வரும் வசூல்காரரிடம் ‘குளிர்கால நிவாரணத்துக்கு’ கொடுக்க வேண்டும். பேருக்கு நன்கொடை, கொடுக்காதவர் மேல் ஒரு கண். 2080-ல் நடக்கிற கதையில் ஒரு எழுத்தாளர் இதை எழுதியிருந்தால், இவருக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம் என்று நாமே சொல்லியிருப்போம்.

ஆர்வெல்லின் ‘1984’ வெளிவந்தது 1949 ஜூனில், இதற்கு இரண்டு வருஷம் கழித்து. அதில் சுவரில் ஒரு திரை இருந்து எல்லாரையும் பார்க்கிறது. ஃபாலடாவுக்கு அந்தத் திரை தேவைப்படவில்லை, எதிர்வீட்டுக்காரர் போதும்.

மார்ச் 3, மதியம்

நிஜமாக நடந்ததா என்று கேட்டவருக்கு: நடந்தது. பெயர் மட்டும் வேறு. ஓட்டோ ஹாம்பெல், எலீஸ ஹாம்பெல். பெர்லினில் வெடிங் என்கிற தொழிலாளர் பகுதியில் குடியிருந்தவர்கள். அவர் ஆலைத் தொழிலாளி, அந்த அம்மா வீட்டு வேலை செய்தவர். இரண்டு பேரும் அதிகம் படிக்காதவர்கள். நாவலில் மகன் சாகிறான். நிஜத்தில் இறந்தது எலீஸவின் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர், 1940-ல் பிரான்ஸ் போர்முனையில். அந்த செப்டம்பரில் எழுத ஆரம்பித்தார்கள். 200-க்கும் மேற்பட்ட அட்டைகள். எல்லாம் கையெழுத்து, எழுத்துப்பிழையோடு. படைக்குப் போகாதே, நிவாரண வசூலுக்குக் காசு போடாதே, ஹிட்லரை இறக்கு, இவைதான் விஷயம். 1942 இலையுதிர் காலத்தில் யாரோ காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார்கள். 1943 ஜனவரியில் ‘மக்கள் நீதிமன்றம்’ என்று பெயர் வைத்த நாஜி நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. ஏப்ரல் 8-ம் தேதி ப்ளோட்சன்ஸே சிறையில் இருவர் தலையும் வெட்டப்பட்டது.

அந்தச் சிறையைப் பற்றி ஒன்று. செத்தவரின் குடும்பத்துக்கு பில் அனுப்புவார்கள். சிறையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றரை மார்க், தண்டனையை நிறைவேற்றிய கட்டணம் 300 மார்க், கடைசியில் அந்த பில்லை அனுப்பிய தபால் செலவு 12 பெனிக், நூறு பெனிக் ஒரு மார்க். 300 மார்க்கைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த 12 பெனிக்கைக் கணக்கில் சேர்த்த குமாஸ்தாவை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அவர் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்.

மார்ச் 4

“நாலு அட்டை எழுதி என்ன கிழித்தார்கள்?” என்று மேலே ஒருவர். நாவலும் அதையேதான் கேட்கிறது, உங்களைவிடக் கடுமையாக.

நான் இந்த நாவலைத் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணமே அட்டை எழுதுகிறவர்கள் அல்ல, அதைக் கண்டெடுக்கிறவர்கள். ஒரு இடம். ஒரு நடிகர், ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கெப்பல்ஸின் கோபத்துக்கு ஆளாகி வாய்ப்பில்லாமல் இருக்கிறவர், தன் வக்கீலைப் பார்க்கப் போகிறார். அங்கே முதல் அட்டை கிடக்கிறது. எடுத்துப் படிக்கிறார். படித்த மாத்திரத்தில் அவர் மனசில் ஓடுவது ‘யாரோ நம்மைப் போல நினைக்கிறார்கள்’ என்பதல்ல. ‘என்னை மாட்டிவிட யாரோ இதைப் போட்டிருக்கிறார்கள்’ என்பதுதான். எடுத்ததை யாராவது பார்த்தார்களா? கீழே போட்டால் ஆபத்து. கிழித்தால் ஆபத்து. பையில் வைத்தாலும் ஆபத்து. வக்கீலிடம் கொண்டு போகிறார். வக்கீலுக்கும் வியர்க்கிறது. இரண்டு பேரும் பழைய நண்பர்கள், இரண்டு பேருக்குமே ஆட்சியைப் பிடிக்காது. ஆனால் அந்த அறைக்குள் அட்டை வந்த நிமிஷத்திலிருந்து ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அட்டையில் எழுதியிருப்பது சரியா தப்பா என்கிற பேச்சே அவர்களுக்குள் எழவில்லை. கடைசியில் அட்டை போலீஸ் கைக்குப் போய்ச் சேர்கிறது.

இதை அவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார் மனுஷர். குவாங்கெல் தம்பதி வீட்டில் உட்கார்ந்து, நம் அட்டையை ஒருவர் படிப்பார், இன்னொருவருக்குக் கொடுப்பார், அது ஆலை ஆலையாகப் போகும் என்று கனவு கண்டுகொண்டிருக்கிறார்கள். நமக்குத் தெரியும் அது எங்கே போகிறது என்று. அதைத் தெரிந்துகொண்டு அவர்கள் அடுத்த அட்டை எழுதுவதைப் படிப்பது கொடுமை.

கெஸ்டபோ என்கிற நாஜி ரகசியப் போலீஸின் இன்ஸ்பெக்டர் எஷரிஷ் தன் அறைச் சுவரில் பெர்லின் வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு அட்டை கிடைத்த இடத்திலும் சின்னச் சிவப்புக் கொடி குத்திக்கொண்டே வருகிறார். கடைசியில் பிடிபட்ட குவாங்கெலிடம் அந்தக் கணக்கைச் சொல்கிறார். கொஞ்சநஞ்சமல்ல, ஏறக்குறைய எல்லாமே வந்து சேர்ந்துவிட்டன, 18 மட்டும்தான் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, ஜனங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். குவாங்கெல் நொறுங்குகிற இடம் அதுதான்.

மார்ச் 4, இரவு

கையுறை பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆமாம், கைரேகை படாமலிருக்கக் கையுறை போட்டுக்கொண்டுதான் குவாங்கெல் எழுதுகிறார். அச்சு மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் போடுகிறார், ஒரு அட்டைக்கே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஃபார்வர்ட் மெசேஜ் காலத்து ஆட்களுக்கு இது புரியுமா தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் 6

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஜனங்களை இங்கே பலரும் திட்டியிருக்கிறார்கள். “கோழைகள்”, “அடிமைப்புத்தி” இத்யாதி. கொஞ்சம் நிதானியுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், பிஎஃப் பணத்தைப் பிடிக்கிறார்கள், கட்டவில்லை என்று பேச்சு இருந்தது. ஒரு நாள் காலையில் வருகைப் பதிவேட்டுக்குள், கேண்டீன் மேஜையில், கழிப்பறைக் கண்ணாடி இடுக்கில் எல்லாம் நாலாக மடித்த தாள். டைப் அடித்தது, பெயர் இல்லை. எந்த மாதத்திலிருந்து கட்டவில்லை என்ற விவரம், எங்கே மனு கொடுக்கலாம் என்ற விவரம். இரண்டாவது வரி படிப்பதற்குள் என் கண் தானாக கேபின் பக்கம் போய்விட்டது. பக்கத்து மேஜைக்காரருக்கும் அதேதான். அன்று முழுக்க ஆபீஸில் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாயங்காலம் மேனேஜர் மேஜையில் ஒரு சின்னக் கட்டு இருந்தது, ரப்பர் பேண்ட் போட்டு. அவர் யாரையும் கேட்டிருக்கவில்லை. மேலே இருந்த தாளின் மடிப்பு பிரியவே இல்லை, ‘நான் படிக்கவில்லை சார்’ என்று காட்ட அப்படியே கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியில் மாட்டினால் போவது வேலைதான். பெர்லினில் தலை. அதனால் அந்த நடிகரையும் வக்கீலையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ராபர்ட் கெல்லட்லி என்கிற வரலாற்றாசிரியர் வுர்ட்ஸ்பர்க் நகரத்து கெஸ்டபோ கோப்புகளைப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இதுதான். கெஸ்டபோவில் ஆள் பலம் நாம் நினைக்கிற அளவு இல்லை. வந்த வழக்குகளில் பெரும்பகுதி ஜனங்கள் தாங்களாகப் போய்ச் சொன்னதில் தொடங்கியவை. அதிலும் கொள்கைக்காகச் சொன்னவர்கள் கொஞ்சம்தான், சொந்தப் பகை, வீட்டுச் சண்டை என்று ஆயிரம் காரணம். நாவலில் போர்க்ஹவுசன் என்று ஒரு ஆசாமி வருவான். அவனுக்குக் கட்சி கிட்சி எதுவும் கிடையாது, யாரைக் காட்டிக்கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது மட்டுமே கணக்கு. அவன்தான் எனக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்பத் தெரிந்த முகம்.

மார்ச் 7

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரம் செய்வது போல ஆகிவிடும். அந்த அட்டைகளால் வேறு ஆட்கள் சாகிறார்கள்.

ஏனோ குளூகே என்று ஒருவன், குதிரைப் பந்தயத்தில் காசை விடுகிறவன், வேலைக்கு மட்டம் போடுகிறவன், பொம்பளைகள் தயவில் காலம் தள்ளுகிறவன். அட்டை எழுதுகிற அளவுக்கு அவனுக்குச் சுறுசுறுப்பே கிடையாது. ஒரு டாக்டர் வீட்டு வாசலில் அட்டை கிடைத்தபோது அவன் அங்கே இருந்தான், அவ்வளவுதான். மேலிடத்துக்கு ஆள் காட்டியாக வேண்டுமே என்று எஷரிஷ் அவனைப் பிடிக்கிறார். அவன் இல்லை என்று அவருக்கே தெரியும். கடைசியில் ஒரு ஏரிக்கரையில் அவன் கதை முடிகிறது, தற்கொலை என்று எழுதிக்கொள்கிறார்கள். குவாங்கெலின் மகனுக்குப் பேசி வைத்திருந்த பெண் ட்ரூடல், அவள் கட்டிக்கொண்டவன், அன்னாவின் உடன்பிறந்தவன் என்று குவாங்கெல் பிடிபட்டதும் வரிசையாக எல்லாரும் மாட்டுகிறார்கள். யாரும் நல்லபடியாக வெளியே வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு குவாங்கெல் மேலேயே கோபம் வந்தது. உனக்கு மனசாட்சி, அவனுக்குச் சாவா? ஃபாலடா இதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஏனோ குளூகே செத்த பிறகும் அட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. குவாங்கெலுக்கு அப்படி ஒருவன் செத்ததே தெரியாது. கதாநாயகன் கையில் ரத்தம் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிற நாவல்களோடு ஒப்பிட்டால் இந்த இடத்தில்தான் ஃபாலடா எங்கேயோ போய்விடுகிறார்.

மார்ச் 7, சற்றுக் கழித்து

எமர்ஜென்சியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆரம்பித்தால் ஹாம்பெல் தம்பதியை எல்லாரும் மறந்துவிட்டு, யார் எத்தனை நாள் ஜெயிலில் இருந்தார் என்று அடித்துக்கொள்வோம்.

மார்ச் 9

ஃபாலடா யார் என்று தெரிந்துகொண்டு படித்தால் நாவல் வேறு மாதிரி தெரியும். நிஜப் பெயர் ருடோல்ஃப் டிட்ஸன், 1893-ல் பிறந்தவர். புனைபெயரை கிரிம் சகோதரர்களின் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார். 1932-ல் வந்த ஒரு நாவலால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். மார்ஃபின் பழக்கம், குடி, சிறை, மனநல விடுதி எல்லாம் உண்டு. நாஜிகள் வந்தபோது நிறைய எழுத்தாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள், இவர் போகவில்லை. போகாமல் இருந்ததற்கு விலை கொடுத்தார். 1938-ல் ஒரு நாவலின் முடிவை கெப்பல்ஸ் சொன்னபடி மாற்றியும் கொடுத்தார். 1944-ல் விவாகரத்தான மனைவியோடு தகராறு, துப்பாக்கி வெடித்தது, ஸ்ட்ரெலிட்ஸ் என்ற இடத்தில் அடைத்துவைத்தார்கள். அங்கே உட்கார்ந்து அதிகாரிகளுக்குத் தெரியாமல் பொடி எழுத்தில், வரிகளுக்கு நடுவில் வரி போட்டு, ஆட்சியைத் திட்டி எழுதியிருக்கிறார். மாட்டியிருந்தால் அவர் தலையும் போயிருக்கும்.

போர் முடிந்ததும் சோவியத் படை அவரை ஃபெல்ட்பர்க் என்ற சின்ன ஊருக்கு மேயராக்கியது. அதுவே ஒரு தனி நகைச்சுவை நாவல். பிறகு பெர்லின். மாஸ்கோவிலிருந்து திரும்பியிருந்த கவிஞர் யோஹன்னஸ் பெஷர்தான் 1945-ல் ஹாம்பெல் தம்பதியின் வழக்குக் கோப்பைக் கொடுத்து எழுதச் சொன்னார். முதலில் இவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒரு கட்டுரை எழுதிவிட்டு விட்டுவிட்டார். அப்புறம் 1946 இலையுதிர் காலத்தில் உட்கார்ந்து, அவ்வளவு தடிமனான நாவலை நாலே வாரத்தில் முடித்தார். 1947 பிப்ரவரி 5-ல் செத்துப்போனார், புத்தகம் அச்சாகி வந்ததைப் பார்க்கவில்லை.

வளைந்துகொடுத்த ஆள் வளையாதவர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். எனக்கென்னவோ அவர்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. அந்த நடிகர் மாடிப்படியில் நின்று வியர்க்கிறாரே, அதை வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த வீரர் ஒருவர் எழுதியிருந்தால் இரண்டு வரியில் கேவலப்படுத்திவிட்டுப் போயிருப்பார்.

மார்ச் 10

வெள்ளை ரோஜா இயக்கம்தான் இதைவிடப் பெரியது என்கிறவருக்கு: பெரியதுதான். மியூனிக் பல்கலைக்கழக மாணவர்கள், அழகான துண்டுப்பிரசுரங்கள், தத்துவ மேற்கோள்கள். ஷோல் அண்ணனும் தங்கையும் 1943 பிப்ரவரி 18-ல் பிடிபட்டு 22-ல் கொல்லப்பட்டார்கள், நாலே நாள். ஆனால் அவர்கள் படித்த பிள்ளைகள், அவர்களைப் பற்றிப் பேச ஆட்கள் இருந்தார்கள். எழுத்துப்பிழையோடு எழுதிய வெடிங் தம்பதியைப் பேச, பழைய கோப்பு ஒரு நாவலாசிரியர் கையில் விழ வேண்டியிருந்தது.

மார்ச் 12

மகன் செத்ததால்தான் குவாங்கெல் எதிர்க்க ஆரம்பித்தார் என்பது போல முதலில் நானும் சொல்லியிருந்தேன், எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். மறுபடி முதல் அத்தியாயங்களைப் புரட்டினேன். கடிதம் வந்தவுடன் குவாங்கெல் கல்லாட்டம் நிற்கிறார். அன்னாதான் அழுகையோடு, நீயும் உன் ஃப்யூரரும் (ஹிட்லரை அப்படித்தான் சொல்வார்கள், தலைவர் என்று அர்த்தம்) என்று ஒரு வார்த்தை எறிகிறாள். மகன் செத்ததைவிட அந்த ஒரு வார்த்தை அவரை உள்ளே போய்க் குடைந்துகொண்டே இருக்கிறது. எப்போது அவன் என் ஃப்யூரரானான்? நான்தான் கட்சியிலேயே சேரவில்லையே? அதைத் தனக்குத்தானே நிரூபிக்கப் போய்த்தான் அட்டை வரைக்கும் வருகிறார் என்று இப்போது படுகிறது. புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் வந்த ஒரு சொல். அரசியல் விழிப்பு, வர்க்க உணர்வு எல்லாம் அப்புறம்.

கூடவே இன்னொன்று. 1947-ல் வெளியிடும்போது பதிப்பகம் கொஞ்சம் வெட்டியிருக்கிறது. 2011-ல்தான் ஜெர்மனில் வெட்டாத பதிப்பு வந்தது. வெட்டியதில் முக்கியமானது, அன்னா நாஜிப் பெண்கள் அமைப்பில் இருந்தாள் என்கிற பகுதி. நிஜ எலீஸவும் அந்த அமைப்பில் இருந்தவர்தான். புதுசாக ஒரு ஜெர்மனியைக் கட்டுகிற நேரத்தில், எதிர்த்து நின்றவள் முன்பு அந்தக் கூட்டத்திலேயே இருந்தாள் என்பது சங்கடமாக இருந்திருக்கும். எனக்கோ அதுதான் அந்தப் பெண்ணை நம்ப வைக்கிறது. ‘உன் ஃப்யூரர்’ என்று அவள் கத்துவதற்கும் கூடுதலாக ஒரு அர்த்தம் வருகிறது, இல்லையா?

மார்ச் 13

சிறைக் கோப்பில் இருக்கிற கடைசி விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதால் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். தண்டனை கிடைத்த பிறகு நிஜ ஹாம்பெல் தம்பதி கருணை மனு போட்டார்கள். அதில் இரண்டு பேரும் பழியை மற்றவர் மேல் தள்ளிவிட்டார்கள். அவர் அவளைச் சொன்னார், அவள் அவரைச் சொன்னாள். மனு தள்ளுபடியானது, ஒரே நாளில் இருவரும் கொல்லப்பட்டார்கள்.

நாவலில் இது கிடையாது. குவாங்கெல் கடைசிவரை நிமிர்ந்து நிற்கிறார். சிறையில் ஒரு இசை நடத்துநரோடு ஒரே அறை, சதுரங்கம் கற்றுக்கொள்கிறார், வாழ்நாளில் முதல்முறையாக இசை பற்றி யாரோ அவரிடம் பேசுகிறார்கள். அன்னா குண்டுவீச்சில் சாகிறாள், புருஷன் போனது தெரியாமலேயே.

முதலில், நாவலாசிரியருக்கு இந்த உரிமை உண்டு, விடுங்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கண்டெடுக்கிறவர்களின் பயத்தை அந்த அளவுக்கு எழுதியவர், அட்டை எழுதியவர்களின் பயத்தை மட்டும் கொஞ்சம் துடைத்துவிட்டார். இரண்டு வருஷம் ஒன்றாக மேஜையில் உட்கார்ந்து எழுதியவர்கள் கத்தி முன்னால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள் என்பதால் அந்த 200 அட்டைகள் செல்லாமல் போய்விடுமா? போகாது. அதைக்கூட வைத்துக்கொண்டு அவர்களை மதிக்க வைத்திருந்தால் அது இன்னும் பெரிய நாவலாக இருந்திருக்கும். 1946-ல் அதை யார் அச்சிட்டிருப்பார்கள் என்பது வேறு.

மார்ச் 13, இரவு

இல்லை, இதனால் ‘அவர்களும் கோழைகள்தானே’ என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து மேலே இருப்பதை மறுபடி படியுங்கள்.

மார்ச் 16

“அப்படியானால் சாதாரண ஜனங்கள் எதிர்த்து எதுவுமே நடந்ததில்லையா?” நல்ல கேள்வி, அதே பெர்லினிலிருந்தே சொல்கிறேன். 1943 பிப்ரவரி கடைசியில் ரோஸன்ஸ்ட்ராஸ தெருவில் ஒரு கட்டடத்தில் ஏறக்குறைய 2,000 யூதர்களை அடைத்தார்கள், பெரும்பாலும் யூதரல்லாத பெண்களைக் கட்டிய ஆண்கள். அந்த மனைவிமார்கள் வந்து தெருவில் நின்றார்கள். ஒரு வாரம் போல, குளிரில், என் புருஷனைக் கொடு என்று. அந்த ஆண்களில் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டார்கள். பெண்கள் நின்றதால்தான் விட்டார்களா, அவர்களை நாடுகடத்தும் எண்ணமே அப்போது இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், நின்ற பெண்களுக்கு அன்று அது தெரியாது.

கவனித்தீர்களா, குவாங்கெல் முகம் தெரியாத ஊருக்கு எழுதினார், இவர்கள் தன் வீட்டு ஆளுக்காக, நாலு பேர் பார்க்க நின்றார்கள். எதிர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே இரண்டும் வேறு வேறு சரக்கு. இதை வைத்து ஒருவர் நாவல் எழுதினால் டிஸ்டோபியா அலமாரியில் வைக்க மாட்டார்கள், குடும்ப நாவல் என்று வைத்துவிடுவார்கள்.

கேயோர்க் எல்ஸர் பற்றியும் கேட்டார்கள். தச்சர். ஹிட்லர் பேச வந்த மியூனிக் பீர் மண்டபத்தின் தூணில், யாருடைய உதவியும் இல்லாமல், அவர் தானே செய்து வைத்த குண்டு 1939 நவம்பர் 8-ல் வெடித்தது. ஹிட்லர் 13 நிமிஷம் முன்னால் கிளம்பிவிட்டான். எட்டு பேர் செத்தார்கள். அவரை ‘சாதாரண ஆள்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ராத்திரி ராத்திரியாக ஒளிந்திருந்து தூணைக் குடைந்த ஆள் அவர்.

மார்ச் 21

புத்தகம் வாங்கியவர்கள் இரண்டு பேர், முதல் நூறு பக்கத்தில் ஆட்கள் அதிகம், யார் யார் என்றே புரியவில்லை என்கிறார்கள். ஒரே கட்டடம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சுலபமாகிவிடும். ஒரு தளத்தில் குவாங்கெல், ஒரு தளத்தில் பெர்சிகே என்கிற நாஜிக் குடும்பம், மேலே தனியாக ஒரு யூதக் கிழவி, கீழே ஓய்வுபெற்ற நீதிபதி, பின்பக்கம் போர்க்ஹவுசன். கிழவியின் பகுதி சீக்கிரமே வரும், அதை அவசரமாகப் புரட்டாதீர்கள். மைக்கேல் ஹாஃப்மனின் 2009 ஆங்கில மொழிபெயர்ப்பு தெருப்பேச்சைத் தெருப்பேச்சாகவே விட்டிருக்கிறது, நன்றாக ஓடும்.

2016-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவல் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். எம்மா தாம்ப்ஸனும் பிரெண்டன் க்ளீஸனும் நன்றாகத்தான் நடித்திருக்கிறார்கள், ஆனால் பெர்லின் தொழிலாளிகள் ஜெர்மன் வாடையோடு இங்கிலீஷ் பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. அதைவிட, படம் அட்டை எழுதுகிறவர்கள் பின்னாலேயே போய்விடுகிறது. போர்க்ஹவுசனும் ஏனோ குளூகேயும் தபால்காரி ஏவா குளூகேயும் வந்து தொந்தரவு செய்யாவிட்டால் இந்தக் கதை சுத்தமான தியாகக் கதையாகச் சுருங்கிவிடும். ஏவா குளூகேயைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மகன் போலந்தில் என்ன செய்தான் என்று தெரிந்த நாளில் கட்சியை விட்டு விலகி, வேலையையும் விட்டுவிட்டு, கிராமத்தில் போய் வயல்வேலை பார்க்கிறாள். அட்டை எழுதவில்லை, குண்டு வைக்கவில்லை, விலகினாள். யாராவது படித்து முடித்தால் அவளைப் பற்றி எழுதுங்கள், நான் அவள் பக்கம்தான்.